பெண்கள் நலமும் நம் வீட்டுத் தட்டும்: தகுதி பெற்ற உணவியல் நிபுணரோடு சேர்ந்து செயல்படுவது எப்படி?

நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது. உரையாற்றியவர் நம் குடியிருப்பில் வசிப்பவர், மருத்துவமனையில் உணவியல் நிபுணராகப் பணியாற்றுபவர். உரைக்குப் பிறகு உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் கடைசியில் உள்ளன.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டு வேலையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பின் வரிசையில் சில அண்ணன்மார்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பேச்சில் பாதி உங்களுக்கும்தான், பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வாரம் தவறாமல் ஒரு டயட் சார்ட் வருகிறது. 21 நாளில் 7 கிலோ குறையும் என்கிறது ஒன்று. வெறும் வயிற்றில் இதைக் குடித்தால் தைராய்டு போய்விடும் என்கிறது இன்னொன்று. நடுநடுவே யாராவது ஒருவர் பவுடர் டப்பாவோடு வந்து கிளப் ஹவுஸில் செயல்விளக்கம் நடத்தலாமா என்று கேட்கிறார். நல்லெண்ணத்தோடுதான் பகிர்கிறோம், யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த சார்ட்டை எழுதியவர் உங்களைப் பார்த்ததே இல்லை. உங்கள் வயது, உங்கள் ரத்தப் பரிசோதனை, நீங்கள் சாப்பிடும் மாத்திரை எதுவுமே அவருக்குத் தெரியாது. நான் இன்று சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான்: உணவு ஆலோசனை என்பது ஒரு பட்டியல் இல்லை. உங்களைக் கேட்டு, அளந்து, கொடுத்து, மறுபடி அளந்து திருத்துகிற வேலை. அதைச் செய்யப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது, அவர்களோடு எப்படிச் சேர்ந்து செயல்படுவது என்று பார்ப்போம்.

நிலைமை எப்படி இருக்கிறது?

தேசிய குடும்ப நல ஆய்வு என்று மத்திய அரசு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்துகிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது 55 விழுக்காடு. அதாவது பெரிதாக எதுவும் மாறவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு எண். உடல் எடை அதிகமாக உள்ள பெண்கள் 2015-16இல் 30.9 விழுக்காடு, 2019-21இல் 40.4 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பாதிப் பெண்களுக்கு ரத்தம் குறைவு, பத்தில் நான்கு பேருக்கு எடை அதிகம். இரண்டும் ஒரே பெண்ணிடமே இருக்கலாம், பல நேரம் இருக்கிறது. வயிறு நிறைகிறது, சத்து நிறையவில்லை.

நாம் அரிசி ஆலைகளும் வயல்களும் சூழ்ந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறோம். கிழக்கே போனால் கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை மீன்பிடி ஊர்கள். கீரை, மீன், பருப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. கிடைப்பது யார் தட்டில், எவ்வளவு, எப்போது விழுகிறது என்பதில்தான் சிக்கல்.

கோஷா ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு வேலை

இந்த இடத்தில் ஒரு பழைய வரலாறு சொல்கிறேன். திருவல்லிக்கேணியில் கடற்கரைக்குப் பக்கத்தில் கஸ்தூர்பா காந்தி அரசு தாய் சேய் நல மருத்துவமனை இருக்கிறது. இன்றும் பலர் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறோம். இங்கே உள்ளவர்களில் சிலர் பிறந்ததே அங்கேதான் இருக்கும். 1931இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் அங்கே வேலை செய்தார்.

அவர் 1928இல் பம்பாய்க்கு வந்தவர். அங்கே கருவுற்ற பெண்கள், குறிப்பாக ஏழைப் பெண்கள், கடுமையான ரத்தசோகையில் இறந்துகொண்டிருந்தார்கள். கிருமிதான் காரணமா என்று தேடினார்கள், கிடைக்கவில்லை. லூசி வில்ஸும் உடன் வேலை செய்தவர்களும் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். எந்தக் குடும்பங்களின் சாப்பாட்டில் சத்து குறைவோ அங்கேதான் நோய் அதிகம் என்பது தெரிந்தது. இடையில் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரு மலிவான சாற்றைக் கொடுத்தபோது ரத்தம் ஏறியது. 1931இல் அதை மருத்துவ இதழில் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்து எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதற்கு வில்ஸ் காரணி என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1941இல் பசலை வகைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. இன்று கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் இரும்புச்சத்தோடு சேர்ந்திருப்பது அதுதான்.

இதை ஏன் சொல்கிறேன்? லூசி வில்ஸ் எடுத்த எடுப்பில் மருந்து கொடுக்கவில்லை. முதலில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பிறகு ரத்தத்தைப் பார்த்தார். கொடுத்தபின் ஏறுகிறதா என்று மறுபடி பார்த்தார். நல்ல உணவியல் நிபுணர் இன்றைக்கும் செய்வது இதே வேலைதான்.

இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கு முக்கிய இடம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் ஒரே ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாதுக்குப் போனது. அதுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இன்று நான் சொல்லப்போகும் அளவுகள் பலவும் அந்த நிறுவனம் கொடுத்தவை.

நிபுணர் என்னதான் செய்வார்?

ரத்தசோகையையே எடுத்துக்கொள்வோம். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கருவுற்றவருக்கு 11. அறிக்கையில் 9.5 என்று வந்தால் உடனே அக்கம்பக்கத்தில் என்ன சொல்வோம்? பேரீச்சம்பழம் சாப்பிடு, பீட்ரூட் சாறு குடி, முருங்கைக்கீரை சேர்த்துக்கொள் என்போம்.

நிபுணர் கேட்கும் முதல் கேள்வி, ஏன் குறைந்தது என்பது. இரும்புச்சத்து போதவில்லையா? பி12 குறைவா? மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கா? கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா? மூல நோயா? குடற்புழுவா? பரம்பரையாக வரும் தலசீமியா கூறா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ரத்தப்போக்கு காரணம் என்றால் நீங்கள் போக வேண்டியது மகப்பேறு மருத்துவரிடம், பீட்ரூட் அதைத் தீர்க்காது. ஹீமோகுளோபின் மிகவும் குறைந்திருந்தால் உணவு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். இதைச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புபவர்தான் நல்ல உணவியல் நிபுணர். அவர் மருத்துவருக்கு மாற்று இல்லை, மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்பவர்.

அடுத்தது நேரம். காலையில் தைராய்டு மாத்திரை, கொஞ்ச நேரத்தில் காபி, சாப்பிட்டவுடன் கால்சியம் மாத்திரை, அதோடு இரும்புச்சத்து மாத்திரை என்று போட்டுக்கொள்பவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மருந்து சரியாக உடலில் சேராது. கால்சியமும் இரும்பும் ஒரே நேரத்தில் போனால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் திடீரென்று தினமும் கீரை சாப்பிட ஆரம்பித்தால் மருந்தின் அளவே மாறிப்போகும். வாட்ஸ்அப் சார்ட்டுக்கு இதெல்லாம் தெரியாது.

உணவு ஆலோசனை உண்மையான சிகிச்சையாகவே இருக்கும் ஓர் இடம் கர்ப்பகால சர்க்கரை. தமிழ்நாட்டில் 2007 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு வரும் கருவுற்ற எல்லாப் பெண்களுக்கும் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். நம் மாநிலத்தின் டாக்டர் வி. சேஷையா போன்றவர்களின் உழைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140ஐ எட்டினால் கர்ப்பகால சர்க்கரை. பெரும்பாலும் முதலில் கொடுப்பது மருந்து இல்லை, 2 வாரம் முறைப்படுத்திய உணவு. அதற்குப் பிறகும் கட்டுப்படவில்லை என்றால்தான் மருந்து. அந்த 2 வாரம் அந்தப் பெண்ணைப் பட்டினி போட்டால் குழந்தை பாதிக்கும், கண்டபடி விட்டால் சர்க்கரை ஏறும். படிக்காதவர் கையில் விடக்கூடிய வேலை இல்லை இது.

நம் தட்டைக் கணக்குப் போடுவோம்

இப்போது ஒரு கணக்கு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் வேண்டும். கிலோவுக்கு 0.83 கிராம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவு.

காலையில் 3 இட்லி, சட்னி. ஓ.எம்.ஆர். பக்கம் அலுவலகம் போகும் பெண் என்றால் அதுவும் சில நாள் பேருந்திலோ காரிலோதான். மதியம் சோறு, சாம்பாரில் மேலாகத் தெளிந்த குழம்பு, ஒரு பொரியல், கொஞ்சம் தயிர். மாலை டீயும் 2 பிஸ்கட்டும். இரவு மூன்று தோசை. அல்லது எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பது. இதைக் கூட்டினால் 35 கிராமை ஒட்டித்தான் நிற்கும், அதிலும் பெரும்பகுதி அரிசியிலிருந்து வருவது. குறைவது 10 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் கிட்டத்தட்ட அதே அளவு. அவ்வளவுதான் இடைவெளி. அதற்கு 3,000 ரூபாய் டப்பா தேவையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இன்னொரு கணக்கு, மளிகைப் பட்டியலில். 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை, 400 கிராம் காய்கறி, 300 மில்லி பால் என்று மாதிரித் தட்டு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். 85 கிராம் பருப்பு என்றால் நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 10 கிலோ. துவரை, பாசிப்பயறு, உளுந்து, கடலை எல்லாம் சேர்த்து. நம்மில் எத்தனை வீட்டில் 10 கிலோ வாங்குகிறோம்? முட்டை, மீன், கறி சாப்பிடுபவர்கள் பருப்பில் ஒரு பகுதியை அதில் ஈடுகட்டலாம். ஆனால் அந்த முட்டையும் மீனும் அம்மா தட்டில் விழுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணெயையும் இதே மாதிரி கணக்கிடலாம். ஒருவருக்கு நாளைக்கு 27 கிராம் என்றால் நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். வீட்டுக்குப் போய் உங்கள் கடைசி பில்லைப் பாருங்கள்.

இரும்புச்சத்து பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19. வீட்டில் யாருக்கு அதிகம் வேண்டும் என்பதைப் பின் வரிசை கவனித்துக்கொள்ளவும். கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பு எளிதில் உடலில் ஒட்டாது. அதோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி சேர்ந்தால் ஒட்டுவது கூடும். டீயும் காபியும் அதைத் தடுக்கும். அதனால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். முருங்கைக்கீரை பொரியலில் கடைசியாக அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

நம் கரையோர மீனைப் பற்றி ஒரு வார்த்தை. வஞ்சிரம் விலை கேட்டுத் தலை சுற்றி, மீனே வேண்டாம் என்று வருபவர்கள் பலர். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி இவை விலையும் குறைவு, சத்திலும் குறைந்தவை இல்லை. மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பும் வைட்டமின் டியும் இருக்கின்றன. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் சேர்கிறது. ஆனால் எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கால்சியம் கேழ்வரகிலும் பாலிலும் கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது, ஒரு நாள் தேவை 1,000. பி12 மட்டும் செடி கொடி எதிலும் கிடையாது. பால், தயிரும் வேண்டாம் என்று முழு வீகனாக மாறுபவர்கள் மருத்துவரிடம் கேட்டு அதை மாத்திரையாக எடுத்தே ஆக வேண்டும்.

தகுதி பெற்றவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நியூட்ரிஷன் கோச் என்று யார் வேண்டுமானாலும் இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொள்கிறார்கள். 2021இல் வந்த துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே இது படித்துச் செய்யும் தொழில் என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியவை:

முதலாவது, படிப்பு. உணவியல், ஊட்டச்சத்து ஆகியவற்றில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. அல்லது முதுநிலைப் பட்டயம். கோவை அவினாசிலிங்கம், சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரி, எத்திராஜ் கல்லூரி போன்ற இடங்களில் இதை முறையாகக் கற்றுத் தருகிறார்கள். வார இறுதி ஆன்லைன் சான்றிதழ் இதற்கு ஈடாகாது.

இரண்டாவது, மருத்துவமனைப் பயிற்சி. நோயாளிகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். இந்திய டயட்டெடிக் அசோசியேஷன் நடத்தும் தேர்வில் தேறியவர்கள் பெயருக்குப் பின் ஆர்.டி. என்று போடுவார்கள். இருந்தால் நல்லது. கேட்பதில் கூச்சமே வேண்டாம். வீட்டுக்கு வரும் எலக்ட்ரீஷியனிடம் கேட்கிறோமே!

மூன்றாவது, அவர் உங்களிடம் எவ்வளவு நேரம் கேட்கிறார் என்பது. முதல் சந்திப்பில் பெரும்பகுதி நேரம் நீங்கள் பேச வேண்டும். ஐந்து நிமிடத்தில் அச்சடித்த சார்ட் கைக்கு வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

விலக வேண்டிய அடையாளங்களும் உண்டு. ஆலோசனை சொல்பவரே பவுடரும் விற்கிறார். இத்தனை நாளில் இத்தனை கிலோ என்று உறுதி கொடுக்கிறார். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். எல்லோருக்கும் ஒரே சார்ட். உங்களையும் ஆள் சேர்க்கச் சொல்கிறார். இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், வணக்கம் சொல்லிவிடுங்கள். ஊட்டப் பவுடர் டப்பாவில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. டப்பாவில் அப்படி எழுதிவிட்டு வாயால் நோய் தீரும் என்று விற்கிறார்கள். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

போகும் முன் என்ன தயார் செய்வது?

மூன்று நாள் உணவுக் குறிப்பு எழுதுங்கள். இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள். இட்லி எத்தனை, சோறு எத்தனை கரண்டி, காபியில் சர்க்கரை எவ்வளவு, குழந்தை மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டது உட்பட. நேரத்தையும் எழுதுங்கள். நல்லபடியாகக் காட்டிக்கொள்வதற்காக எழுத வேண்டாம், இது பரீட்சை இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், மாதவிலக்குத் தேதிகள் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். விரதம், அமாவாசை, பிடிக்காத உணவு, மாமியார் சமையலா நம் சமையலா என்பது எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீங்கள் கடைப்பிடிக்க முடியாத திட்டத்தை எழுதிக் கொடுத்து யாருக்கும் பயன் இல்லை. முடியாது என்றால் அங்கேயே சொல்லுங்கள், மாற்றித் தருவதுதான் அவர் வேலை.

மூன்று மாதம் பொறுமை வேண்டும். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடலின் இருப்பு நிரம்புவதற்காக இரும்பு மாத்திரையை இன்னும் சில மாதம் தொடரச் சொல்வார்கள். தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை நிறுத்துவதுதான் ரத்தசோகை திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு பெரிய காரணம்.

கணவர்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்தால் முதல் சந்திப்புக்கு உடன் போங்கள். வீட்டில் ஒரு பெண்ணுக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அது பத்து நாள் தாங்காது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் வந்தாலே அவள் தட்டு பாதி சரியாகிவிடும்.

சங்கத்தின் முன் மூன்று யோசனைகள்

ஒன்று, கிளப் ஹவுஸில் உடல்நலம் பற்றிப் பேச வருபவர் பொருள் எதுவும் விற்கக்கூடாது, தன் படிப்பை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். இதை ஒரு விதியாகவே ஆக்கிவிடுவோம். எனக்கும் சேர்த்துத்தான்.

இரண்டு, ஹீமோகுளோபின் பரிசோதனை முகாம் ஒன்று. முடிவு குறைவாக வந்தவர்கள் முதலில் மருத்துவரையும், பிறகு உணவியல் நிபுணரையும் பார்க்க ஏற்பாடு. மூன்று மாதம் கழித்து அதே பேருக்கு மறுபரிசோதனை. மறுபரிசோதனை இல்லாத முகாம் புகைப்படத்துக்குத்தான் உதவும். யாருடைய அறிக்கையும் வாட்ஸ்அப் குழுவில் வரக்கூடாது, அவரவர் கையில்தான் தர வேண்டும்.

மூன்று, இந்த முகாமில் நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களும், ஹவுஸ்கீப்பிங் அக்காமார்களும் முதல் வரிசையில் இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி வெறும் டீயோடு நாலு மாடி துடைப்பவர்கள் அவர்கள். 53 விழுக்காடு என்று சொன்னேனே, அந்த எண்ணுக்குள் நாமும் இருக்கிறோம், அவர்களும் இருக்கிறார்கள். காலையில் வேலைக்கு வரும்போது டீயோடு ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு முட்டையோ கொடுப்பதற்கு எந்தத் தீர்மானமும் தேவையில்லை. அவர்களில் யாராவது கருவுற்றிருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறார்கள். விண்ணப்பம் நிரப்ப நம்மில் ஒருவர் உட்கார்ந்து உதவினால் போதும்.

கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு பிசிஓஎஸ் இருக்கிறது. சோற்றை முழுவதும் விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அளவைக் குறைத்து, பருப்பு, காய், முட்டை அல்லது மீனைக் கூட்டுங்கள். சோற்றை அடியோடு விடுபவர்கள் மூன்றாவது வாரம் பிரியாணியில் திரும்பி வருகிறார்கள். எடை அதிகம் என்றால், மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே மாதவிலக்கு சீராக வாய்ப்பு இருக்கிறது. உங்கள் அளவு எவ்வளவு என்பதை மேடையிலிருந்து சொல்ல மாட்டேன். நேரில் வாருங்கள், கணக்குப் பார்ப்போம்.

கேள்வி: ஜிம் போகிறேன். புரதப் பவுடர் எடுத்தால் தப்பா?

பதில்: பவுடர் விஷம் இல்லை, அதிசயமும் இல்லை. முதலில் சாப்பாட்டில் எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்குப் போடுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பருப்பும் முட்டையும் தயிருமே போதும். சிறுநீரகத்தில் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. ரத்த அழுத்தத்துக்குச் சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா? தினமும் இளநீர் தரலாமா?

பதில்: அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பயம் இல்லை. அது சரியில்லாதவர்களுக்கும், சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்தாகலாம். கிரியேட்டினின், பொட்டாசியம் பரிசோதனை பார்த்துவிட்டு மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றைக் குறைப்பது பாதுகாப்பான வழி.

கேள்வி: தனியார் நிபுணருக்குக் கட்டணம் அதிகமாக இருக்கிறதே?

பதில்: உண்மைதான். பெரிய அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் உணவு ஆலோசனை கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். மகப்பேறு, சர்க்கரை நோய்ப் பிரிவுகளில் மருத்துவரே அனுப்பி வைப்பார். தனியாரிடம் போவதானால், தொடர் சந்திப்புகளுக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நம் சங்கம் குழுவாக ஏற்பாடு செய்தால் ஆளுக்கு ஆகும் செலவு குறையும். அதற்காகத்தான் அந்த மூன்று யோசனைகளையும் வைத்தேன். அடுத்த செயற்குழுவில் அவற்றை எடுத்துக்கொள்வதாகச் செயலாளர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே சுண்டல் வைத்திருக்கிறார்கள். டீ ஒரு மணி நேரம் கழித்துத்தான்.